செஞ்சி யாருக்குச் சொந்தம், மச்சான்?

மூணு மலை, 13 கிலோமீட்டர் மதில், எட்டு வருஷ முற்றுகை! காலையில கிளம்பினா ராத்திரி மெஸ் மூடறதுக்குள்ள திரும்பிடலாம். ஒரே நாள்ல ஒரு பழைய தலைநகரத்தைச் சுத்தி வந்த கதை இது.

2025 ஜூலை 11. பாரிஸ்ல கூடின யுனெஸ்கோ கமிட்டி, மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள்னு 12 கோட்டைகளை மொத்தமா உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. அதுல 11 மகாராஷ்டிராவுல இருக்கு. பன்னிரண்டாவது, நம்ம விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி!

சந்தோஷமான செய்திதான். ஆனா எங்க ஹாஸ்டல்ல அன்னிக்கு ராத்திரி அது பெரிய பஞ்சாயத்தாகிடுச்சு. "அதெப்படிடா மராட்டியக் கோட்டை? கட்டினது கோனாருங்க" என்றான் ஒருத்தன். "நாயக்கருங்க இல்லேன்னா அங்க என்ன இருக்கு?" என்றான் இன்னொருத்தன். "தேசிங்கு ராஜா கோட்டைதானே அது, எம்.ஜி.ஆர். படமே இருக்கே" என்று ஒரு குரல். மெக்கானிக்கல் நண்பன் மட்டும் போர்வைக்குள்ள இருந்தபடியே, "யார் கட்டினா என்ன, போட்டோ சூப்பரா வரும்ல" என்று தீர்ப்பு சொல்லிட்டுத் தூங்கிட்டான்.

எங்க கிளாஸ்ல செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். அவங்க வீட்டுல முதல் பட்டதாரியாகப் போறவன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "பேசுறவங்க யாரும் அங்க போனதே இல்லல்ல? வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

நாலு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. ஒரு சனிக்கிழமை. கிளம்பியாச்சு!

கோட்டை இல்ல பாஸ், ஊரு!

சென்னையிலிருந்து செஞ்சி சுமார் 160 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்துல திருவண்ணாமலை பஸ் ஏறினா, திண்டிவனம் தாண்டி முக்கால் மணி நேரத்துல செஞ்சி வந்துடும். ஊர் நெருங்கும்போதே பாறைங்க ஆரம்பிச்சுடுது. லாரி லாரியாக் கொண்டுவந்து கொட்டி வெச்ச மாதிரி குண்டு குண்டாக் கருங்கல் மலைங்க. அந்தப் பாறைங்களுக்கு நடுவுல, மலை மேல ஏறி இறங்கி ஓடுது ஒரு கோடு. அதுதான் மதில்.

மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூணு மலைக்கும் மூணு தனித்தனிக் கோட்டை. மூணையும் ஒரு முக்கோணம் மாதிரி இணைச்சு மதில் எழுப்பி, உள்ளே சுமார் 11 சதுர கிலோமீட்டர் இடத்தை வளைச்சிருக்காங்க. மதிலோட மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். சில இடத்துல அதோட தடிமன் மட்டுமே 60 அடி! வெளியே 80 அடி அகலத்துக்கு அகழி. திண்டிவனம் - திருவண்ணாமலை ரோடே இந்தக் கோட்டைக்குள்ள புகுந்துதான் போகுது. பஸ்ல தூங்கிக்கிட்டே ஒரு தலைநகரத்தைக் கடந்து போனவங்க நம்மள்ல எத்தனை பேரோ!

உள்ளே நுழைஞ்சதும் நண்பன் ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிட்டான். "கோட்டைன்னு நினைச்சுக்கிட்டுப் பார்க்காதீங்க. ஊருன்னு நினைச்சுப் பாருங்க. அப்பதான் புரியும்."

அவன் சொன்னது நிஜம். 1597-ல இங்கே வந்த பிமென்டாங்கிற ஏசு சபைப் பாதிரியார், இந்தியாவுல தான் பார்த்ததிலேயே பெரிய நகரம் இதுதான்னு எழுதி வெச்சிருக்கார். லிஸ்பனை விட்டா, போர்ச்சுகல்ல இவ்வளவு பெரிய ஊரே கிடையாதுங்கிறது அவரோட கணக்கு. இன்னிக்கு அந்த நகரத்துல மிச்சம் இருக்கிறது குதிரை லாயம், தானியக் களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம், ஆனைக்குளம், கோயில்கள், ஒரு மசூதி. ஜனங்க குடியிருந்த வீடுங்க இருந்த இடத்துல முள்ளும் புல்லும்தான்.

களஞ்சியத்துக்குள்ள போனா சட்டுனு குளிருது. தடித்தடிச் சுவர், வளைஞ்ச கூரை. உள்ளே நின்னு ஒருத்தர் கூப்பிட்டா நாலு பேர் கூப்பிட்ட மாதிரி கேட்குது. "ஏ.சி. போடாமலே ஏ.சி.டி" என்றாள் ஈ.சி.இ. தோழி. எங்களுக்கு ஆச்சரியம் அதோட அளவுதான். இவ்வளவு பெருசா நெல்லு சேர்த்து வெச்சிருக்காங்கன்னா, எத்தனை வயித்துக்குக் கணக்குப் போட்டிருப்பாங்க!

மோட்டார் இல்லாத வாட்டர் சப்ளை

செஞ்சின்னாலே போட்டோவுல வர்ற கட்டடம் கல்யாண மஹால். நடுவுல பல மாடிக் கோபுரம், உச்சியில கூம்புக் கூரை, கீழே சதுரக் குளம், சுத்தி அறைகள். நாயக்கர் காலத்து வேலை. எல்லாரும் அங்கே செல்ஃபி எடுத்துக்கிட்டு இருக்க, சிவில் படிக்கிற நாங்க ரெண்டு பேரும் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சுட்டோம்.

மதிலுக்கு வெளியே சுமார் 500 கெஜம், அதாவது கிட்டத்தட்ட 450 மீட்டர் தூரத்துல இருந்த நீர்த்தேக்கத்துலேருந்து சுட்ட மண் குழாய் பதிச்சு இந்த மஹாலுக்குத் தண்ணி கொண்டுவந்திருக்காங்க. மோட்டார் கிடையாது. பி.வி.சி. பைப் கிடையாது. கிளம்புற இடம் சேர்ற இடத்தைவிட உசரத்துல இருக்கணும், நடுவுல ஒரே ஒரு மண் குழாய் இணைப்புல கசிவு வந்தாலும் கதை முடிஞ்சது. டம்பி லெவல், ஆட்டோ லெவல்னு ஆயிரம் கருவி வெச்சுக்கிட்டு நாம செமஸ்டர் முழுக்கப் படிக்கிற சமாச்சாரத்தை, பேர் தெரியாத யாரோ கண்ணாலயும் கயிறாலயும் அளந்து முடிச்சிருக்காங்க.

அதோட நிக்கலை. ராஜகிரி உச்சிப் பக்கம் வத்தாத ரெண்டு சுனை, அதுக்குக் கீழே மழைத் தண்ணியைத் தேக்க மூணு தொட்டி. அடிவாரத்துல செட்டிக்குளம், சக்கரக்குளம்னு ரெண்டு பெரிய குளம். கீழ்க்கோட்டை பறிபோனாலும் மேல இருக்கிறவன் தாகத்துல சாகக் கூடாதுங்கிறதுதான் பிளான்! மதில் எதிரியை வெளியே நிறுத்தும், சரி. ஆனா உள்ளே இருக்கிறவனை உசுரோட வெச்சிருந்தது இந்தத் தண்ணியும் அந்தக் களஞ்சியமும்தான்.

மூச்சு முட்டும் ராஜகிரி

அடுத்தது மலையேற்றம். உசரம் சுமார் 800 அடி. கருங்கல் படிங்க. சில படி முழங்கால் வரைக்கும் வருது. ஆரம்பத்துல பாட்டுப் பாடிக்கிட்டே ஏறினோம். கால் மணி நேரத்துல பாட்டு நின்னுச்சு, அரை மணி நேரத்துல பேச்சும் நின்னுச்சு.

வழியில கமலக்கண்ணி அம்மன் கோயில். செருப்பைக் கழட்டிட்டு நண்பன் கும்பிட்டுட்டு வந்தான். "ராஜாங்க எல்லாம் போயிட்டாங்க. இவ மட்டும்தான் இன்னும் இங்கயே இருக்கா. சித்திரையில திருவிழாவுக்கு வா, இந்தப் படியே தெரியாது, அவ்ளோ ஜனம்" என்றான். யுனெஸ்கோ பட்டியலுக்கு ரொம்ப முன்னாடியே இந்த மலையைக் கைவிடாம வருஷா வருஷம் ஏறி வர்றவங்க, சுத்துவட்டாரக் கிராமத்து ஜனங்க.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாதை திடீர்னு நின்னுடுது. எதிர்ல ஒரு பாறைப் பிளவு. அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. அந்தக் காலத்துல அதுமேல ஒரு மரப்பாலம் இருந்திருக்கு. எதிரி வந்தா பாலத்தை எடுத்துட வேண்டியதுதான். ஒவ்வொரு வாசலாப் பிடிச்சு, இத்தனை படியும் ஏறி வந்தவன், கடைசியா இந்தப் பள்ளத்துக்கு முன்னாடி நின்னு அண்ணாந்து பார்க்கணும்! இப்போ நடக்கப் பாலம் இருக்கு. ஆனாலும் அதுமேல நின்னு கீழே பார்த்தா வயித்துக்குள்ள ஒரு பட்டாம்பூச்சி.

உச்சியில ரங்கநாதர் கோயில், களஞ்சியம், காவல் கோபுரம், ஒரு பீரங்கி. அப்புறம் காத்து. சும்மா காத்து இல்ல, ஆளைத் தள்ளுற காத்து. எதிர்ல கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் சந்திரகிரி, மூணையும் கோர்த்துக்கிட்டு மதில். கீழே வயல், ஏரி, ரோட்டுல எறும்பு மாதிரி பஸ். வாய் ஓயாத மெக்கானிக்கல் நண்பனே அஞ்சு நிமிஷம் பேசலை.

பதினாறு செமஸ்டர் முற்றுகை

ஹாஸ்டல் பஞ்சாயத்து திரும்ப ஆரம்பிச்சது இந்த உச்சியிலதான். இந்தத் தடவை எல்லார் கையிலயும் தேதிகள்!

ஆனந்தக் கோன்னு ஒரு ஆயர் தலைவர், 1190 வாக்குல இந்த மலையில புதையல் கண்டெடுத்து, சின்னதா ஒரு கோட்டை கட்டினார்ங்கிறது வழிவழியா வர்ற கதை. 1800-களின் தொடக்கத்துல நாராயணப் பிள்ளை எழுதின 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' இதைச் சொல்லுது. ஆனந்தகிரிங்கிற பேரும், எதிர் மலைக்குக் கிருஷ்ணகிரிங்கிற பேரும் அந்தக் கோனார் வம்சத்தாலதான் வந்துச்சுங்கிறாங்க. அப்புறம் விஜயநகரத்தின் கீழே செஞ்சி நாயக்கர்கள். நாம இன்னிக்குப் பார்த்து வாயைப் பிளக்கிற கட்டடங்கள்ல பெரும்பகுதி அவங்க காலம். 1648-49-ல பீஜப்பூர் சுல்தானோட படை பிடிச்சது. 1677-ல சிவாஜி பிடிச்சு, மதில்களை அழுத்தமாப் பலப்படுத்தினார்.

சிவாஜி போட்ட அந்த வேலைக்குப் பலன் கிடைச்சது அவர் இறந்து ஒன்பது வருஷம் கழிச்சு. 1689-ல மூத்த மகன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்னுட்டார். தலைநகர் ராய்கட் விழுந்துடுச்சு. இளைய மகன் ராஜாராம் தப்பிச்சு, தக்காணத்தைத் தாண்டி வந்து சேர்ந்த இடம் செஞ்சி! மராட்டிய ராஜ்யமே அப்போ இந்த மலையில இருந்துதான் நடந்துச்சு. மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல முற்றுகை போட்டார். அது முடிஞ்சது 1698-ல. பதினாறு செமஸ்டர்! அரியர் இல்லாம ரெண்டு பி.இ. முடிச்சிருக்கலாம்.

நடுவுல ஒரு கட்டத்துல, 1692-93-ல, தானாஜி ஜாதவும் சந்தாஜி கோர்படேவும் வெளியே இருந்து வந்து மொகலாயருக்கு வர்ற தானியத்தை மறிச்சுட்டாங்க. முற்றுகை போட்டவங்களே முற்றுகையில மாட்டிக்கிட்டு, பட்டினியில வந்தவாசிக்குப் பின்வாங்கினாங்க. பார்த்துட்டு வந்த அந்தக் களஞ்சியம் ஏன் அவ்வளவு பெருசுன்னு அப்பதான் எங்களுக்கு உறைச்சது. கடைசியில கோட்டை விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ராஜாராம் நழுவிட்டார். ஜுல்பிகர் கானுக்குக் கிடைச்சது கோட்டை மட்டும்தான்.

"அப்ப யுனெஸ்கோ சொன்னது தப்பில்லையா?" என்றாள் தோழி. "தப்பில்ல. ஆனா அது 1677-லேருந்து 1698 வரைக்கும் 21 வருஷத்துக் கதை. முன்னாடி ஒரு அஞ்சு நூறு வருஷம் இருக்குல்ல" என்றான் நண்பன். இதுக்கு மேல யாரும் சண்டை போடலை.

ஆயா சொன்ன தேசிங்கு

செஞ்சியில பத்து மாசம்கூட முழுசா ஆளாத ஒரு ராஜாதான் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஹீரோ. பேர் தேஜ் சிங். மொகலாயர் காலத்துல இங்கே கோட்டைத் தலைவரா இருந்த புந்தேல ராஜபுத்திரர் சொரூப் சிங்கோட மகன். கப்பம் கட்டச் சொன்ன ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து, 1714 அக்டோபர் 3-ல போர்க்களத்துல செத்தார். அப்போ அவருக்கு வயசு 22. நம்ம ஃபைனல் இயர் சீனியர் வயசு!

தமிழ் ஜனங்க அந்த வடக்கத்திப் பையனைத் 'தேசிங்கு'ன்னு தமிழாக்கி, கதைப்பாட்டாவும் கூத்தாவும் மடியில எடுத்து வெச்சுக்கிட்டாங்க. அந்தக் கதையில தேசிங்குக்கு உயிர் நண்பன் ஒரு முஸ்லிம், மகமத் கான். கல்யாணப் பந்தல்ல இருந்து எழுந்து, நண்பனுக்காகப் போருக்கு ஓடி வந்து உயிரை விடறான். "எங்க ஆயா இந்தக் கதை சொல்றப்ப, தேசிங்கு செத்ததுக்கு அழாது. அந்தக் கல்யாண மாப்பிள்ளை செத்ததுக்குத்தான் அழும்" என்றான் நண்பன், செட்டிக்குளத்துக் கரையில உட்கார்ந்து. தேசிங்கு உடலை எரிச்சதும், அவரோட இளம் மனைவி உடன்கட்டை ஏறினதும் இந்தக் கரையிலதான்னு சொல்றாங்க. அந்தப் பெண்ணோட நினைவாத்தான் நவாப் ராணிப்பேட்டைக்கு அந்தப் பேரை வெச்சார்ங்கிறதும் செவிவழிக் கதை.

ஜெயிச்ச நவாப் பேர்ல 1717-18-ல எழுந்த மசூதி இன்னும் கோட்டைக்குள்ள நிக்குது. தோத்தவனோ பாட்டுல நிக்கிறான். அதுக்கப்புறம் 1750-ல பிரெஞ்சுக்காரங்க, 1761-ல இங்கிலீஷ்காரங்க, 1780-ல ஹைதர் அலின்னு கை மாறி, பீரங்கி யுகத்துல மலைக்கோட்டைக்கு மவுசு குறைஞ்சு, ஊர் காலியாயிடுச்சு.

வீக் எண்ட்ல பாண்டிச்சேரி போறவங்களுக்கு ஒரு தகவல். அங்கே கடற்கரையில காந்தி சிலையைச் சுத்தி நிக்குதே செதுக்கின கருங்கல் தூணுங்க, நாம சாய்ஞ்சு சாய்ஞ்சு போட்டோ எடுப்போமே, அதெல்லாம் செஞ்சியிலேருந்து போனது! இங்கே வெங்கட்ரமணர் கோயில்ல தூண் இல்லாம வெறிச்சுக் கிடக்கிற இடத்துல நின்னா, பாண்டி போட்டோ எல்லாம் மனசுக்குள்ள ஓடுது.

கல்லுல பேரு செதுக்கணுமா?

ஒரு கசப்பான மேட்டர். கல்யாண மஹால் உள்சுவர்ல, களஞ்சியத்துச் சுண்ணாம்புப் பூச்சுல, கை எட்டற உசரம் வரைக்கும் பேருங்க. இதயம், அம்பு, தேதி. சிலதுல காலேஜ் பேரு, டிபார்ட்மெண்ட், பேட்ச் கூட! யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிக்க சி.ஐ.டி. எல்லாம் வேண்டாம். சாவியும் காம்பஸும் கையில வெச்சிருக்கிற வயசுக்காரங்கதான். பீஜப்பூர்க்காரன் செய்யாததை, பீரங்கியோட வந்த பிரெஞ்சுக்காரன் செய்யாததை, ஒரு நாள் டூர் வந்த நாம செஞ்சிருக்கோம்.

சட்டம் இருக்கு. 1958-ம் வருஷத்துத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தை 2010-ல திருத்தினாங்க. இந்த மாதிரி சின்னங்களைச் சிதைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ஒரு லட்ச ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டுமே. ஆனா 13 கிலோமீட்டர் மதில்ல எத்தனை காவலரை நிறுத்த முடியும்?

செஞ்சிக்குப் பக்கத்துலயே திருநாதர்குன்றுன்னு ஒரு இடம். ஒரே பாறையில 24 சமணத் தீர்த்தங்கரர்கள். பக்கத்துல ஒரு பழைய கல்வெட்டு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரோட நினைவு அது. அதைக் காட்டி நண்பன் சொன்னான்: "பாறையில பேரு வரணும்னு ஆசையா? தாராளமா. 57 நாள் சாப்பிடாம இருந்துட்டு வாங்க."

சரி, யாருக்குத்தான் சொந்தம்?

கோனார் கட்டினார், நாயக்கர் வளர்த்தார், சுல்தான் பிடிச்சார், சிவாஜி பலப்படுத்தினார், ராஜபுத்திரப் பையன் செத்தான், நவாப் தொழுதார். வந்த ஒவ்வொருத்தரும் முன்னாடி இருந்தவனோட சுனையில தண்ணி குடிச்சு, அவன் மதில் மேல தன் மதிலைக் கட்டியிருக்காங்க. இதுல ஒருத்தர் பேரை மட்டும் எழுதி மத்ததை அழிச்சா, பாதிப் படி இல்லாத மலையாப் போயிடும் செஞ்சி. கல்லு சுமந்தவங்க, மண் குழாய் சுட்டவங்க, சுனையைத் தூர் வாரினவங்க பேரு எந்தப் பட்டியல்லயும் கிடையாது. அவங்க பேரப்பசங்க இன்னும் சித்திரைக்குச் சித்திரை படி ஏறுறாங்க.

உலகப் பாரம்பரியச் சின்னம்னா, பார்த்துக்கிற பொறுப்பும் வந்துடுச்சுன்னு அர்த்தம். பார்த்துட்டு, தண்ணி பாட்டிலைத் திருப்பிக் கையோட எடுத்துட்டு வந்தாலே போதும். அடுத்த முந்நூறு வருஷத்துக்கு நம்ம பேரு அங்கே இல்லாம இருக்கிறதுதான் நாம செஞ்சிக்குச் செய்யற பெரிய மரியாதை!

கிளம்புறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க!

* அக்டோபர் முதல் பிப்ரவரி வரைக்கும் பெஸ்ட். ஏப்ரல், மே மாசத்துல பாறை தோசைக்கல் ஆகிடும்.

* விடியற்காலை பஸ்ஸைப் பிடிங்க. மதியத்துக்கு மேல ஒரு நேரம் தாண்டினா ராஜகிரி ஏற விடமாட்டாங்க. முதல்ல மலை, அப்புறம் அடிவாரம்.

* ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. மேல கடை கிடையாது.

* குரங்குங்க அங்கே சீனியர்ஸ். தின்பண்டத்தைக் கையில ஆட்டிக்கிட்டுப் போனா ராகிங் நிச்சயம்.

* ஹீல்ஸ் வேண்டாம், பிடிப்பான ஷூ போடுங்க. மழை பெஞ்ச மறுநாள் படி வழுக்கும்.

* டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி ஏறவும் அதைக் கேட்பாங்க. ராஜகிரியைவிடச் சுலபமான மலை. மேல குவிமாடம் போட்ட தர்பார் மண்டபத்துல வர்ற காத்துக்கு ஈடே இல்ல!